பண்ணை அரசினுடையது, பாடு எவருடையது?

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பாட நூல்களுக்கு அட்டை போடுவதற்காகச் ‘சோவியத் நாடு’ இதழின் தாள்களைத் தேடி அலைந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். எளிதில் கிழியாத, வழவழப்பான அந்தத் தாள்களின் வழியேதான் உருசிய நாடு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை விளைந்து நிற்கும் கோதுமை. அதன் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து வரும் அறுவடை இயந்திரங்கள். அவற்றின் படிகளில் நின்று சிரிக்கும் இளைஞர்கள். தலையில் வண்ணத்துணி கட்டிய பெண்கள். ஏரும் எருதுமாக உழவைக் கண்டு, நகையை அடகு வைத்து விதை வாங்கிய குடும்பங்களில் பிறந்த நமக்கு அந்தப் படங்கள் வேறோர் உலகத்தின் செய்தியாக இருந்தன.

அந்த உலகின் பெருமைக்குரிய அமைப்புகளுள் ஒன்று ‘அரசுப் பண்ணை’. அதன் ஈர்ப்பு நம் நாட்டையும் தொட்டது. 1955இல் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்து சென்றபின், சோவியத் அரசு அன்பளிப்பாகக் கொடுத்த இயந்திரங்களைக் கொண்டு, 1956 ஆகஸ்ட் 15 அன்று இராஜஸ்தானின் சூரத்கரில் நம் நடுவண் அரசும் ஒரு பெரும் பண்ணையைத் தொடங்கியது.

படங்கள் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. அந்தப் பண்ணைகளில் உழைத்தவர்கள் எங்கே உறங்கினார்கள், என்ன கூலி பெற்றார்கள், எந்த நிலத்தில் எந்த நாளில் விதைப்பது என்று முடிவு செய்தவர் யார் என்பவை படத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்ட இன்று, புகழும் பகையும் சற்றே அடங்கிய நிலையில் அக்கேள்விகளை நாம் கேட்டுப் பார்க்கலாம்.

கூலியாளான உழவர்

சோவியத் நாட்டில் உழவு இரு வகை அமைப்புகளில் நடைபெற்றது. ஒன்று கூட்டுப்பண்ணை, மற்றொன்று அரசுப் பண்ணை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நம்மிடையே உள்ள பொதுவான தவறு.

கூட்டுப்பண்ணை, பெயரளவில், உழவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய கூட்டுறவு. அதன் உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்த வேலை ‘உழைப்பு நாள்’ என்ற கணக்கில் எழுதப்படும். அரசுக்குரிய தானியத்தைக் கொடுத்து, விதைக்கு எடுத்து வைத்து, எஞ்சியது இருந்தால் ஆண்டின் இறுதியில் பங்கிடப்படும். எஞ்சாத ஆண்டுகளும் உண்டு. உறுதியான ஊதியம் என்பது 1966இல்தான் அவர்களுக்கு வந்தது. பொதுவான ஓய்வூதியம் 1965இல் வந்தது. ஊரை விட்டு நகருக்குப் போய்க் குடியேறத் தேவையான உள்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெறும் உரிமையோ 1974ஆம் ஆண்டு ஆணைக்குப் பின்னரே அவர்கள் எல்லாருக்கும் கிடைத்தது.

அரசுப் பண்ணை இதனின்று வேறுபட்டது. 1918இல், பறிமுதல் செய்யப்பட்ட நிலக்கிழார்களின் தோட்டங்கள் சிலவற்றை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. நிலம், கால்நடை, கருவி, விளைச்சல் யாவும் அரசினுடையவை. அங்கே உழைப்பவர் ஆலைத் தொழிலாளியைப் போன்ற அரசு ஊழியர். மாதச் சம்பளம், சட்டப்படியான விடுப்பு, தொழிற்சங்க உறுப்பினர் உரிமை ஆகியன அவருக்கு உண்டு. 1956ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அவரைத் தொழிலாளி என்றே கணக்கிட்டது. பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் இருந்தவர் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. உழவர் என்ற நிலை மாறி, உழவு வேலை செய்யும் கூலியாள் என்ற நிலை வந்தது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

தானியத் தொழிற்சாலை

1927-28இல் சோவியத் நகரங்களுக்குப் போதிய தானியம் வந்து சேரவில்லை. அரசு கொடுத்த விலைக்கு விற்க உழவர்கள் தயங்கினர். அப்போது ஸ்தாலின் அரசு கண்ட வழிகளுள் ஒன்று, உழவரைச் சாராமல் அரசே தானியம் விளைவிப்பது. 1928இல் தென் உருசியாவின் சால்ஸ்க் புல்வெளியில் ‘கிகாந்த்’, அதாவது ‘மாபெரும்’, என்ற பெயரில் ஒரு பண்ணை தோன்றியது. ஒரு இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு. நம் கணக்கில் இரண்டரை இலட்சம் ஏக்கர். அதற்கு அருகில் தோன்றிய மற்றொரு பண்ணையில் ஹெரால்ட் வேர் என்ற அமெரிக்க வேளாண் வல்லுநர் தம் நாட்டு இயந்திர உழவு முறைகளைக் கற்றுக் கொடுத்தார். ‘தானியத் தொழிற்சாலை’ என்று இப்பண்ணைகளை அழைத்தார்கள். அந்தச் சொல்லிலேயே எண்ணம் முழுவதும் அடங்கியிருந்தது.

டிராக்டர்கள் வந்தன; வீடுகள் பின்தங்கின. கூடாரங்களிலும் சக்கரம் பூட்டிய மரப் பெட்டிகளிலும் மக்கள் தங்கினர். வேலைக்கு வந்தவர்கள் ஒரு பருவம் கூட முழுமையாக நில்லாமல் போவதும், புதியவர் வருவதும் அன்றாட நிகழ்ச்சியாயின. ஆள் நிலைக்காத இடத்தில் இயந்திரமும் நிலைப்பதில்லை. பழகாத கைகளில் அவை விரைந்து பழுதாயின. 1934 ஜனவரியில் நடந்த கட்சியின் 17ஆம் பேராயத்தில், தானியப் பண்ணைகள் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டன என்றும், அவற்றின் தலைவர்களால் அவற்றைக் கட்டி மேய்க்க இயலவில்லை என்றும் ஸ்தாலினே குறை கூற வேண்டியதாயிற்று. பெரிய பண்ணைகள் பிரிக்கப்பட்டன. ஆனால் அளவை அன்றி அமைப்பை எவரும் கேள்விக்கு உட்படுத்தவில்லை.

தாமாக வராதவர்கள்

அரசுப் பண்ணைக்கு வந்த அனைவரும் வேலை தேடி வந்தவர்கள் அல்லர். மத்திய கஸகஸ்தானில் 1931இல் நிறுவப்பட்ட கரகந்தா முகாம், உளவுத்துறையின் கீழ் இயங்கிய ஒரு பெரும் அரசுப் பண்ணையாகவே தொடங்கப்பட்டது. அங்கே உழுதவர்களும் ஆடு மேய்த்தவர்களும் கைதிகள். அதே ஆண்டுகளில்தான், மேய்ச்சலை நம்பி வாழ்ந்த கஸக் மக்களின் கால்நடைகள் பறிக்கப்பட்டு, பஞ்சத்தில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் மடிந்தனர். கைதிகள் உழுத மண், அதற்கு முன் ஆளற்றுக் கிடந்த மண் அன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1936இல் உக்ரைனின் மேற்கெல்லையிலிருந்து போலந்து மக்களும் ஜெர்மானிய மக்களும் இரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டு வட கஸகஸ்தானின் வெட்டவெளியில் இறக்கிவிடப்பட்டனர். 1937இல் கொரிய மக்கள் வந்தனர். 1941 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஆணையால் வோல்கா நதிக்கரை ஜெர்மானியர் அனைவரும் வேரோடு பெயர்க்கப்பட்டனர். கூட்டுப்பண்ணைகளிலும் அரசுப் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் இவர்களுக்கு வேலை தரப்பட்டது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தப்பினால் 20 ஆண்டுக் கடுங்காவல் என்று 1948ஆம் ஆண்டு ஆணை கூறியது. 1955 டிசம்பரில் ஜெர்மானியர் மீதான கண்காணிப்பு நீங்கியபோதும், விட்டு வந்த வீட்டையோ ஊரையோ கேட்கும் உரிமை அவர்களுக்குத் திரும்பவில்லை.

இவர்களுள் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். கோயில் இல்லை, குரு இல்லை. செபமாலையும், பாட்டிமார்கள் மனப்பாடமாக வைத்திருந்த மன்றாட்டுகளுமே எஞ்சின. சிறை முகாம்களிலிருந்து விடுதலையாகி, கரகந்தாவில் இரவுக் காவலாளியாக வேலை செய்துகொண்டே இம்மக்களின் வீடுகளைத் தேடிச் சென்ற விளாதிஸ்வாவ் புகோவின்ஸ்கி என்ற போலந்துக் குரு, நாடு திரும்பும் வாய்ப்பு வந்தபோதும் மறுத்து அங்கேயே தங்கி, 1974இல் அங்கேயே இறந்தார். 2016இல் கரகந்தாவில் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

கன்னி நிலத்தின் கதை

1954இல் குருஷ்சேவ் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தார். கஸகஸ்தான், மேற்குச் சைபீரியா ஆகிய பகுதிகளில், அதுவரை ஏர் படாத புல்வெளியை உழுது கோதுமை விளைவிப்பது. 1954க்கும் 1960க்கும் இடையில் 4 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் உழப்பட்டது. அதில் 2.5 கோடி ஹெக்டேர் கஸகஸ்தானில் மட்டும். முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 3 இலட்சம் பேர், பெரும்பாலும் இளைஞர்கள், பாட்டும் பேண்டு வாத்தியமும் முழங்க இரயில் ஏறினர்.

போய் இறங்கிய இடத்தில் இருந்தது பனி. ‘இது உங்கள் பண்ணை’ என்று காட்டப்பட்ட இடத்தில் பெயர் எழுதிய ஒரு கம்பைத் தவிர வேறெதுவும் இல்லாத பண்ணைகளும் உண்டு. கூடாரத்தில் இரும்பு அடுப்பை மூட்டி அவர்கள் குளிரைத் தாங்கினர். குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகை வரை இறங்கும். பனிப்புயலில் கூடாரத்துக்கும் சமையலறைக்கும் இடையே வழி தவறாமலிருக்கக் கயிறு கட்டி, அதைப் பற்றி நடந்தார்கள். குடிநீர் தொலைவிலிருந்து வந்தது. தாங்கள் விட்டு வந்த நகரங்களின் பெயர்களையே புதிய பண்ணைகளுக்குச் சூட்டினர். மாஸ்கோ, லெனின்கிராடு, கீவ் ஆகியவை புல்வெளியில் மறுபடியும் பிறந்தன.

அந்த இளைஞர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. 1956இல் கஸகஸ்தான் மட்டும் 1 கோடியே 60 இலட்சம் டன்னுக்கும் மேலான தானியத்தை அரசுக்கு அளித்தது. ஆயினும் அந்த வெற்றியின் நடுவிலேயே ஒரு துயரம் இருந்தது. களஞ்சியங்கள் இல்லை, சாலைகள் இல்லை, வண்டிகள் போதவில்லை. அறுத்துக் குவித்த தானியம் திறந்த களத்தில் மழையில் நனைந்து, சூடேறி, முளைவிட்டு வீணாயிற்று. தன் கையால் விளைவித்ததைத் தன் கண்முன்னே அழுக விட்டவனின் மனத்தை உழவர் வீட்டில் பிறந்தவர் அறிவர்.

பின்னர் மண்ணே பேசத் தொடங்கியது. புல்வேர்கள் பிடித்து வைத்திருந்த மேல்மண்ணை, ஆழ உழுது புரட்டும் கலப்பை அவிழ்த்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் புழுதிப் புயல்கள் வானத்தை மறைத்தன. 1963இல் வறட்சியும் சேர்ந்துகொள்ள, சோவியத் அரசு கனடாவிடமிருந்தும் அமெரிக்காவிடமிருந்தும் கோதுமை வாங்க நேர்ந்தது. மண்ணைப் புரட்டாமல், அறுத்த தாளை வயலிலேயே விட்டு உழ வேண்டும் என்று ஷோர்தாந்தி ஆய்வு நிலையத்தின் அறிஞர் அலெக்சாண்டர் பராயெவ் வற்புறுத்தி வந்தார். ஆண்டுதோறும் முழுப் பரப்பிலும் கோதுமை விதைக்க வேண்டும் என்ற மேலிடத்தின் அவசரத்தில் அவர் சொல் நெடுநாள் ஏறவில்லை. அதே அறிஞருக்கு 1972இல் லெனின் பரிசு வழங்கப்பட்டது. பரிசு வந்தது, பறந்து போன மண் திரும்பி வரவில்லை.

பண்ணையின் அன்றாட வாழ்வு

1960இல் 7,000க்குச் சற்று மேலாக இருந்த அரசுப் பண்ணைகள் 1980இல் 21,000 ஆயின. நலிந்த கூட்டுப்பண்ணைகள் பலவும் அரசுப் பண்ணைகளாக மாற்றப்பட்டன. நாட்டின் விதைப்பு நிலத்தில் ஏறக்குறைய பாதி அவற்றின் கீழ் வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர்.

1960இல் அரசுப் பண்ணைத் தொழிலாளியின் சராசரி மாத ஊதியம் ஏறக்குறைய 55 ரூபிள். நாட்டின் எல்லாத் தொழிலாளருக்குமான சராசரி 80. 1980இல் அது முறையே 149, 169 என்று நெருங்கிவிட்டது. எனவே கூலியில் முன்னேற்றமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஆனால் ரூபிளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் வாங்குவதற்குப் பொருள் இல்லை என்பதே அக்காலத்து முணுமுணுப்பு.

டிராக்டர் ஓட்டுபவருக்கு உழுத பரப்பைக் கணக்கிட்டுக் கூலி. ஆழமாக உழுதால் நேரம் பிடிக்கும். மேலோட்டமாக உழுதால் கணக்கு ஏறும். விளைச்சல் எப்படியானாலும் அவர் கூலியில் பெரிய மாற்றம் இல்லை. ‘இந்த நிலம் இன்னும் ஈரம் காயவில்லை, நான்கு நாள் பொறுப்போம்’ என்று அவருக்குத் தெரிந்தாலும், விதைப்பு நாளை மாவட்டக் கட்சி அலுவலகம் முன்பே குறித்திருக்கும். குளிர்காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காத இயந்திரத்தை, பழுதான மற்றோர் இயந்திரத்தைக் கழற்றிச் சீர்செய்வதே அவரது திறமை.

பெண்களின் பாடு இதனினும் கடினம். இயந்திரம் ஆணுக்கு, கைவேலை பெண்ணுக்கு என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. பால் கறக்கும் பெண் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கே தொழுவத்தில் இருப்பார். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று கறவை. கறவை இயந்திரம் பரவலாக வரும்வரை விரல் மூட்டுகள் வீங்கிப் போகும். நண்பகலில் வீட்டு வேலை, மாலையில் மீண்டும் தொழுவம். பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது?

வீட்டின் பின்புறம் அனைவருக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. கூட்டுப்பண்ணை உறுப்பினர், அரசுப் பண்ணைத் தொழிலாளி ஆகியோரின் இத்தகைய சிறு நிலங்கள் நாட்டின் விதைப்புப் பரப்பில் ஏறக்குறைய மூன்று விழுக்காடே. ஆனால் நாட்டின் வேளாண் உற்பத்தியில் கால் பங்கு அங்கிருந்து வந்தது. உருளைக்கிழங்கில் பாதிக்கும் மேல் அங்கிருந்தே வந்தது. பகலெல்லாம் அரசின் வயலில் சோர்ந்த அதே கைகள், மாலையில் அந்தத் துண்டு நிலத்தில் உயிர் பெற்றன. அங்கே எப்போது நடுவது, எப்போது தோண்டுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சோம்பேறித்தனம் உருசிய உழவரின் இயல்பு என்று சொன்னவர்களுக்கு அந்தக் கொல்லைப்புறமே மறுமொழி.

மற்றொரு முரண்பாடும் உண்டு. மானியத்தால் கடையில் ரொட்டி மலிவாகவும், மாட்டுத் தீவனம் கிடைத்தற்கரியதாகவும் இருந்தது. எனவே கோதுமை விளைவித்தவர்களே சுட்ட ரொட்டியை மூட்டையாக வாங்கி வந்து பன்றிக்கும் மாட்டுக்கும் போட்டனர். அறுவடைக் காலத்திலோ, ஊரைவிட்டு இளைஞர்கள் நகருக்குப் போய்விட்டதால், நகரத்து மாணவரும் அலுவலரும் பேருந்துகளில் அழைத்து வரப்பட்டு உருளைக்கிழங்கு தோண்டினர்.

ஒரு மனிதரின் சோதனை

இந்த நிலையை மாற்ற இயலுமா என்று முயன்று பார்த்த ஒருவரின் கதையை நாம் சொல்லியே ஆக வேண்டும். இவான் ஹுதென்கோ என்பவர் கஸகஸ்தானில் பணியாற்றிய பொருளாதார அறிஞர். அரசுப் பண்ணையை ஒழிக்க அவர் எண்ணவில்லை. அவர் கேட்டது எளியது. பெரிய பண்ணையைச் சிறு குழுக்களாகப் பிரியுங்கள்; ஒவ்வொரு குழுவுக்கும் நிலத்தையும் இயந்திரத்தையும் ஒப்படையுங்கள்; எப்படி, எப்போது வேலை செய்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்; இறுதி விளைச்சலுக்கு ஏற்பக் கூலி கொடுங்கள்.

1960களில் இந்தச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. மேற்பார்வையாளர்களும் கணக்கர்களும் பெரும்பாலும் தேவையற்றுப் போயினர். முன்பு பெருங்கூட்டம் செய்த வேலையைச் சிலரே செய்தனர். விளைச்சலும் ஏறியது, உழைத்தவர் கூலியும் பன்மடங்கு ஏறியது. பத்தாண்டின் இறுதியில் அக்சி என்ற பண்ணையில் அவர் இதனை முழு அளவில் நடத்திக் காட்டினார்.

1970இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. தங்களுக்கு வரவேண்டிய கூலியைக் கேட்டு உழைத்தவர்கள் வழக்காடினர். அரசுச் சொத்தைக் கையாட முயன்றதாகக் கூறி ஹுதென்கோ சிறையில் அடைக்கப்பட்டார். 1974இல் சிறையிலேயே இறந்தார்.

சோதனை தோற்றதால் தண்டனை வரவில்லை, வென்றதால் வந்தது. உழைப்பவர்களே முடிவு செய்யலாம் என்றால், முடிவு செய்வதையே வேலையாகக் கொண்ட பலரின் நாற்காலிகள் என்னாவது?

கதவு மூடிய பின்

1991 டிசம்பர் இறுதியில் உருசிய அரசு, கூட்டுப்பண்ணைகளும் அரசுப் பண்ணைகளும் ஓராண்டுக்குள் தம்மை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. தொழிலாளருக்கு நிலப்பங்குப் பத்திரம் தரப்பட்டது. பத்திரம் கைக்கு வந்தது. டிராக்டரும் கடனும் சந்தையும் வரவில்லை. பல ஊர்களில் பண்ணை நடத்தி வந்த குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, மன்றம் ஆகியவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1989இல் கஸகஸ்தானில் ஏறக்குறைய 9.5 இலட்சமாக இருந்த ஜெர்மானியர், பத்தே ஆண்டுகளில் 3.5 இலட்சமாகக் குறைந்தனர். மற்றவர்கள் மூதாதையரின் நாட்டுக்கு மூட்டை கட்டினர். பண்ணைக் காலத்தை எண்ணி ஏங்கும் முதியவர்கள் இன்றும் உண்டு. மாதச் சம்பளமும் பேரக்குழந்தைக்குப் பள்ளியும் இருந்த காலத்தை அவர்கள் நினைக்கிறார்கள். அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. பாதுகாப்பு என்பது ஏழைக்குச் சிறிய செய்தி அன்று.

ஆயினும் அறுபது ஆண்டுகளின் வரலாறு ஒன்றைத் தெளிவாகவே சொல்கிறது. உழைப்பவருக்குக் கூலி கொடுத்தார்கள், காலப்போக்கில் வீடு கொடுத்தார்கள், ஓய்வூதியம் கொடுத்தார்கள். கொடுக்காதது ஒன்றே ஒன்று: அவர் வேலையைப் பற்றி அவர் சொல்லும் சொல்லுக்கு ஒரு மதிப்பு. ஈரம் காயவில்லை என்று அவர் அறிவார். களத்தில் தானியம் முளைவிடுவதை அவர் காண்பார். இந்த மண் காற்றில் போய்விடும் என்று புல்வெளியில் வாழ்ந்த முதியவர்கள் அறிந்திருந்தனர். கேட்க ஆள் இல்லை. கேளாத செவிக்கு நிலமே பின்னர் உரத்துப் பேசியது.

பண்ணைக்கு அரசு உரிமையாளராக இருந்தாலும், தனி முதலாளி உரிமையாளராக இருந்தாலும், ஏன், நாமே நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்களாக இருந்தாலும், இந்தக் கேள்வி நம் வாசலிலும் வந்து நிற்கும். நம்மிடம் வேலை செய்பவரின் கைகளுக்குக் கூலி கொடுக்கிறோம். அவருடைய அறிவையும் ஒருநாளேனும் கேட்டிருக்கிறோமா?

பாட நூலின் அட்டையில் சிரித்த அந்த இளைஞரும் தலைத்துணி கட்டிய அந்தப் பெண்ணும் இன்று உயிரோடிருந்தால் தள்ளாத முதியவர்களாக இருப்பார்கள். அவர்கள் சிரித்தது பொய் அன்று. அவர்களைப் படம் எடுக்கப் பலர் சென்றனர். அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் எவரும் செல்லவில்லை.